கார்த்தகேனாவில் இடப்பக்கம்

எங்கள் கட்டடத்தின் நான்காம் மாடியில் ஓர் அண்ணை குடியிருந்தார். அவரிடம் மட்டும் வழி கேட்கக் கூடாது என்பது ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையப் பக்கத்துத் தமிழ் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். அவருக்கு வழி தெரியாது என்றில்லை. நன்றாகவே தெரியும். ஆனால் இந்த இத்தாலிப் பட்டினமான பலெர்மோவில் ஒரு தெருவைச் சொல்ல வெளிக்கிட்டால், அவர் முதலில் கடல் தாண்டித் தென்னமெரிக்காவுக்குப் போய், அங்கே கொலம்பியாவில் கார்த்தகேனா என்ற பட்டினத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் திரும்பி வருவார்.

ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவர் ஒரு நாள் படிக்கட்டில் வைத்து அவரைப் பிடித்தார்.

"அண்ணை, பெர்மெஸ்ஸோ விசா விசயமா குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோருக்குப் போகவேணும். எந்தப் பக்கத்தாலை போறது?"

"உது லேசு. கார்த்தகேனாவிலை மணிக்கூட்டு வாசலுக்குள்ளாலை போனா ஒரு சதுக்கம் வருமெல்லே, அதே மாதிரி இஞ்சையும் ஒண்டு வரும். அங்கை சுங்கக் கட்டடம் நிக்கிற பக்கத்திலை இஞ்சை ஒரு மருந்துக்கடை..."

"நான் கார்த்தகேனாவுக்குப் போனதில்லை அண்ணை."

"அதுக்கென்ன, நான் போனனான்தானே."

அந்த மனிதர் அன்று குவெஸ்தூராவைக் கண்டுபிடித்தாரோ தெரியாது. நாங்கள் இரண்டாம் மாடிக் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. அதை ஒருவரும் பாவிக்கவில்லை. 'கார்த்தகேனாக்காரர்' என்றுதான் கோவிலிலும் கடையிலும் சொன்னார்கள். பகிடிக்கு வைத்த பெயர்தான், ஆனால் அவர் அதை அரசாங்கம் கொடுத்த பட்டம் போல நெஞ்சை நிமிர்த்தி வாங்கிக்கொண்டார். நானும் அந்த நல்ல பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பலெர்மோவில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்: அண்ணா, அக்கா, நான். மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்க வேதக்காரக் குடும்பம். அண்ணா கட்டடங்களின் படிக்கட்டுகளைக் கழுவுகிற வேலை செய்தார். நான் மணித்தியாலக் கணக்கில் வீடுகள் துப்புரவாக்கினேன். அக்கா லிபெர்த்தாத் தெருவில் ஒரு வயதான சிஞ்ஞோரா அம்மாவைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டிலேயே தங்கியிருந்தாள். வியாழன் பின்னேரமும் ஞாயிறும் எங்களிடம் வருவாள். அக்காவுக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. சண்டை, இடம்பெயர்வு, பிறகு இந்தப் பயணம் என்று கலியாணம் தள்ளிப்போய், பிறகு அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்காத நிலைக்கு வந்திருந்தது.

கார்த்தகேனாக்காரர் மாரிகாலத்தில் சியாகுல்லித் தோட்டங்களில் மந்தரீன் தோடம்பழம் பிடுங்கப் போவார். மற்றக் காலங்களில் தோட்ட வேலை, சுமை ஏற்றுகிற வேலை, எது கிடைத்தாலும். ஆள் கட்டை. தலைமயிரைத் தண்ணீர் வைத்து ஒட்ட வாரியிருப்பார். சேர்ட் கைகளை எப்போதும் முழங்கைக்கு மேலே மடித்திருப்பார், ஏனென்றால் கதைக்கிறபோது அவருக்குக் கைகள் இரண்டும் வேண்டும். அந்தக் கைகளால் காற்றில் தெரு போடுவார், சுவர் எழுப்புவார், கடலை ஒதுக்கித் துறைமுகம் கட்டுவார். எங்கள் குசினி மேசையில் அவர் கதைக்கத் தொடங்கினால் நான் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்து அப்பால் வைத்துவிடுவேன்.

ஒரு ஞாயிறு பை நிறைய மந்தரீனோடு வந்தார். பழங்களை மேசையில் வட்டமாக அடுக்கினார்.

"இது சுவர். பட்டினத்தைச் சுத்தி எசுப்பானியர் கட்டின சுவர். ஏன் கட்டினவங்கள்? மலைநாட்டிலையிருந்து வாற பொன், வெள்ளி எல்லாம் இஞ்சை வந்துதான் கப்பலேறும். கடற்கொள்ளைக்காரர் சும்மா விடுவாங்களோ? ஒருத்தன் வந்து பிடிச்சு வைச்சுக்கொண்டு, காசு தராட்டி கோவிலை இடிப்பன் எண்டு பாதியை இடிச்சும் போட்டான். பேந்துதான் சுவர். தலைமுறை தலைமுறையாக் கட்டினவங்கள். செலவைக் கேட்டுக் கேட்டு ராசாவுக்கு விசர். ஒருநாள் எசுப்பானியாவிலை தன்ரை மாளிகை யன்னலைத் திறந்து கடல் பக்கம் எட்டிப் பாத்துக்கொண்டு நிண்டானாம். என்ன பாக்கிறியள் ராசா எண்டு கேட்டதுக்கு, 'இவ்வளவு செலவழிச்ச சுவர் இஞ்சையிருந்தே தெரியவேணுமே, ஏன் தெரியேல்லை?' எண்டானாம்."

அக்கா சிரித்தாள். அவள் சிரிக்கிறபோது தோள் இரண்டும் குலுங்கும். அவை பல வருடமாகக் குலுங்கவில்லை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

இன்னொரு நாள் ஒற்றைக்கால் தளபதியின் கதை. கார்த்தகேனாவைப் பிடிக்க இங்கிலீசுக்காரர் கடல் நிறையக் கப்பலோடு வந்தார்களாம். உள்ளே காவல் நின்ற தளபதிக்கு ஒரு கால் இல்லை, ஒரு கண் இல்லை, ஒரு கை வேலை செய்யாது. எல்லாம் பழைய சண்டைகளில் போனவை. வந்தவர்கள் அவன் தங்கள் முன்னால் முழங்காலில் நிற்கிற மாதிரி வெற்றிப் பதக்கமே அடித்துவிட்டார்களாம். கடைசியில் மழையும் காய்ச்சலும் அந்த மனிதனுமாகச் சேர்ந்து அவ்வளவு பேரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "முழங்காலிலை நிக்கிறதுக்கு அவனுக்கு இருக்கிறதே ஒரு முழங்கால்தானே, அதை யோசிச்சாங்களோ விசரங்கள்!" என்று மேசையில் அடித்தார்.

அந்தப் பட்டினத்தின் குடாவுக்குக் கடலிலிருந்து இரண்டு வழி. ஒன்றுக்குப் பெரிய வாய் என்று பெயர், மற்றதற்குச் சின்ன வாய். பெரிய வாயால் பகைவர் நுழைகிறார்கள் என்று எசுப்பானியர் கடலுக்கடியில் சுவர் கட்டி அதை அடைத்துவிட்டார்களாம். பிறகு கப்பல் எல்லாம் சின்ன வாயால்தான், இரண்டு பக்கமும் பீரங்கிக் கோட்டைகளுக்கு நடுவால். இதைக் கேட்டபோது அண்ணா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "அந்தப் பெரிய வாயை அடைச்சவங்கள் ஒருக்கா இஞ்சை வந்து நாலாம் மாடியிலையும் ஒண்டை அடைச்சுவிட்டா நல்லது."

அதற்கும் அவர்தான் எல்லாரையும் விடக் கூடச் சிரித்தார்.

ஒரேயொரு இடத்தில் மட்டும் அவருடைய குரல் இறங்கும். மணிக்கூட்டு வாசலுக்கு உள்ளே இருக்கிற சதுக்கத்தைப் பற்றிச் சொல்லும்போது. "அதிலைதான் விக்கிறது. மாட்டை இல்லை, மனுசரை. ஆப்பிரிக்காவிலையிருந்து கப்பலிலை அடைச்சுக் கொண்டுவந்து அந்தச் சதுக்கத்திலை நிப்பாட்டி விலை பேசுறது. அந்த மனுசரின்ரை வழியிலை வந்த சனம் இண்டைக்கு அதே சதுக்கத்திலை, வளைவுகளுக்குக் கீழை தேங்காய் மிட்டாய் விக்குது." பிறகு அந்தத் தேங்காய் மிட்டாயை எப்படிக் கிண்டுவது என்று தொடங்கிவிடுவார்.

தெருப் பெயர்களும் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. அங்கே ஒரே தெருவுக்கு முடக்குக்கு முடக்கு வேறு பெயராம். அரைச்சந்திரன் தெரு, சீமாட்டிகள் தெரு. பள்ளமும் திட்டியுமாக இருந்து சவப்பெட்டி தூக்குகிறவர்களை இடற வைத்த ஒரு தெருவுக்குப் பிரேதம் விழுத்தித் தெரு. வேலைக்காரரும் விடுதலையான அடிமைகளும் குடியிருந்த பகுதிக்குக் கெத்சமனி. இயேசு செபித்த தோட்டத்தின் பெயரைக் கேட்டதும் வேதக்காரர்களான எங்களுக்கே அது பக்கத்துப் பங்குக் கோவில் மாதிரி ஆகிவிட்டது.

ஒரு வியாழன் எங்களைக் குவாத்ரோ கான்திக்கு இழுத்துக்கொண்டு போனார். பழைய நகரத்தின் நடுவில் இரண்டு பெருந்தெருக்கள் வெட்டுகிற சந்தி அது. நாலு மூலையிலும் நாலு எசுப்பானிய ராசாக்கள் கல்லாக நிற்பார்கள். நாங்கள் தினமும் பஸ்ஸில் கடந்துபோகிற இடம்தான்.

"உவனைப் பாருங்கோ. பலெர்மோவும் உவன்ரை, கார்த்தகேனாவும் உவன்ரை. போர்த்துக்கலும் அப்ப உவன்ரை கையிலைதான். அப்ப எங்கடை மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடிச்சு வைச்சிருந்த பறங்கியின்ரை ராசா ஆர்? உவன்தான்! எனக்கு எங்கை போனாலும் ஒரே ராசா."

"போன கிழமை மற்ற மூலையிலை நிக்கிறவனையெல்லே காட்டினனீர்?" என்றார் அண்ணா.

"நாலு பேரும் அப்பன், மகன், பேரன், பூட்டன். ஒரு வீட்டு ஆக்கள்தானே அண்ணை."

பிறகு நான் பங்குச் சுவாமியிடம் கேட்டேன். ராசா யாரென்பதில் அவருக்கும் குழப்பம் இருந்தது, ஆனால் கதை சரிதான் என்றார்.

இப்படியெல்லாம் கேட்ட பிறகும் எங்களுக்கு ஒன்று விளங்கவில்லை. கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று ஏஜென்ட் ஒருவன் இவரைக் கொண்டுபோய் அந்தப் பட்டினத்தில் விட்டுவிட்டுக் காணாமல் போனான் என்பது தெரியும். கடைசியில் வாழைப்பழக் கப்பல் ஒன்றில் சமையல்கட்டு வேலையோடு ஏறி இத்தாலியில் இறங்கினார் என்பதும் தெரியும். எங்களில் முக்கால்வாசிப் பேர் இப்படி எங்கேயோ மாட்டுப்பட்டுக் கிடந்து வந்தவர்கள்தான். அந்த இடங்களின் பெயரைச் சொன்னாலே முகம் கறுப்பவர்கள். இவர் மட்டும் ஒருநாளும் 'மாட்டுப்பட்டனான்' என்று சொன்னதில்லை. யாராவது அப்படிக் கேட்டால் திருத்துவார்: "மாட்டுப்படேல்லை. இருந்தனான்."

ஒரு பங்குனி மாதத்துப் பின்னேரம் அவர் தேய்த்த சேர்ட்டோடு இறங்கி வந்தார். கைகளை மடித்துவிடவில்லை. மணிக்கட்டு வரை பொத்தான் பூட்டியிருந்தார். அப்போதே எனக்கு ஏதோ விசயம் என்று தெரிந்துவிட்டது. அண்ணாவுக்கு முன்னால் இருந்து, கார்த்தகேனாவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், அக்காவைத் தனக்குப் பெண் கேட்டார்.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றார் அண்ணா.

அடுத்த வியாழன் குசினியில் அது வெடித்தது.

"எனக்கு உந்த ஆளிலை நம்பிக்கை இல்லை" என்றார் அண்ணா. "சனம் கதைக்குது. அந்த ஊருக்கு உவர் போகவே இல்லையாம். எங்கையோ கேட்ட கதையைச் சொல்லித் திரியிறாராம். அப்பிடியெண்டா பொய்யர். போனவர் எண்டா அது இன்னும் மோசம். ஆரும் ஒரு ஊரைச் சும்மா இப்பிடி நினைச்சுக்கொண்டு இருப்பினமோ? அங்கை ஒருத்தி இருக்கிறாள். பிள்ளையும் இருக்கும்."

அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "ரெண்டிலை ஒண்டைச் சொல்லுங்கோ அண்ணா. போகாத ஊரிலை பிள்ளை பிறக்காது."

"பகிடி விடாதை. உன்ரை வாழ்க்கை."

"என்ரை வாழ்க்கை எண்டுதான் நானும் சொல்லுறன். நானே கண்டுபிடிக்கிறன்."

அவள் கண்டுபிடித்தது ஓர் ஆளை. அவள் வேலை செய்த அதே கட்டடத்தில், இரண்டு மாடிக்குக் கீழே, ஒரு வீட்டில் இரட்டைக் குழந்தைகளைப் பார்க்கிற கொலம்பியாப் பெண் ஒருத்தி இருந்தாள். பெயர் லூஸ் மரீனா. எந்த ஊர் என்று லிஃப்டில் வைத்து அக்கா கேட்டிருக்கிறாள். கார்த்தகேனா. அதுவும் சுவருக்கு உள்ளே பிறந்தவள்.

அடுத்த வியாழன் ஜார்தீனோ இங்லேஸே பூங்காவில் எல்லாரும் கூடினோம். லூஸ் மரீனா உயரம், கறுப்பு, காதில் பெரிய வளையம். விசயத்தை அக்கா முன்பே சொல்லிவைத்திருந்ததால் நீதிபதி மாதிரி மர வாங்கின் நடுவில் இருந்தாள். ஒரு பக்கம் அண்ணா கோட் போட்டுக்கொண்டு. மறுபக்கம் அக்காவும் நானும். கார்த்தகேனாக்காரர் சப்பாத்து மினுங்க வந்து சேர்ந்தார். அந்த ஊர்ப் பெண் ஒருத்தி வந்திருக்கிறாள் என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும். சோதனை என்று தெரியாது.

வணக்கம் சொன்னதும் வாயைத் திறந்து எசுப்பானிய மொழியில் கொட்டத் தொடங்கினார். லூஸ் மரீனா முதலில் கண்ணை விரித்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்கவில்லை. வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னவாம்?" என்றார் அண்ணா பதறி.

அவள் இத்தாலியனில் சொன்னாள்: "இது எங்கள் ஊர்ப் பேச்சேதான். கெத்சமனிப் பேச்சு. ஆனால் இந்த மனிதர் சந்தைக்காரப் பொம்பிளை மாதிரிப் பேசுகிறார்! 'நான் களைத்துப்போனேன்' என்பதைப் பெண்கள் சொல்கிற மாதிரிச் சொல்கிறார்."

இத்தாலியனிலும் அப்படித்தான், ஆணுக்கு ஒரு முடிவு, பெண்ணுக்கு ஒரு முடிவு. ஆகவே எங்களுக்கு உடனே விளங்கியது. அண்ணாவின் முகம் இறுகியது. தமிழில் எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்: "பாத்தியோ? ஒருத்தியிட்டைத்தான் பாஷை பழகியிருக்கிறார்."

கார்த்தகேனாக்காரருக்குக் காது சிவந்தது. லூஸ் மரீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு இத்தாலியனிலேயே கேட்டாள்: "சரி, மணிக்கூட்டு வாசலால் உள்ளே வருகிறேன். சுங்கச் சதுக்கத்துக்கு எப்படிப் போவது?"

இது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரியான கேள்வி. எழும்பி நின்றார். சேர்ட் கையை மடித்தார். "உள்ளே வந்ததும் வலப்பக்கம் திரும்பு."

"இடப்பக்கம்" என்றாள் அவள்.

"இல்லை, வலப்பக்கம். அங்கிருந்து இன்னும் வலப்பக்கமாகப் போனால் அடிமைகளைக் காத்த புனிதரின் கோவில்."

"ஐயா, நான் ஞானஸ்நானம் பெற்ற கோவில் அது. இடப்பக்கம்."

கோட்டைக்குப் போகும் பாலத்தைக் கேட்டாள். சிறைக்கூடமாக இருந்து இப்போது கடைகளாகிவிட்ட வளைவுகளைக் கேட்டாள். பெயர் எல்லாம் சரி. எந்த மூலையில் என்ன கடை என்பதும் சரி. ஒரு வீட்டுக் கதவில் தட்டுவதற்குப் பித்தளைப் பல்லி இருக்கிறது என்றார், அதுவும் சரி. பக்கம் மட்டும் பிழை. ஒரு தடவையாவது தற்செயலாகச் சரியாக வந்திருக்கலாம். வரவில்லை. அவர் சொன்ன வலம் எல்லாம் இடம், இடம் எல்லாம் வலம்.

அண்ணா எழும்பினார். "காணும். வாங்கோ போவம். ஆரோ சொன்னதைக் கேட்டுப் பாடமாக்கி வைச்சிருக்கிறார். ஒருநாளாவது அதிலை நடந்த ஆளுக்குச் சோத்துக்கைப் பக்கம் எது, பீச்சாங்கைப் பக்கம் எது எண்டு தெரியாமல் போகுமே?"

கார்த்தகேனாக்காரரின் கை இரண்டும் தொங்கிவிட்டன. அந்தக் கைகள் சும்மா தொங்குவதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அக்கா மட்டும் எழும்பவில்லை. "பொறுங்கோ அண்ணா" என்றாள். பிறகு அவரைப் பார்த்து, "நீங்கள் இதிலை இருங்கோ" என்று வாங்கைக் காட்டினாள். அவர் இருந்ததும், அவருக்கு நேர் முன்னால் போய் நின்றாள். லூஸ் மரீனாவையும் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் நிறுத்தினாள்.

"இப்ப அந்த வழியைத் திருப்பிச் சொல்லுங்கோ. வலம் இடம் எண்டு சொல்லாதையுங்கோ. கையாலை மட்டும் காட்டுங்கோ."

அவர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். வாசல். சதுக்கம். பிறகு கை தன்னுடைய வலப்பக்கம் போனது. எதிரே நின்ற இருவருக்கும் அது இடப்பக்கம்.

"ஆ! இப்போது சரி!" என்று கத்தினாள் லூஸ் மரீனா.

கோவில் சரி. பாலம் சரி. சிறைக்கூட வளைவுகள் சரி. ஒவ்வொன்றுக்கும் அவள் கை தட்டினாள். பக்கத்துப் புல்லில் விளையாடிய பிள்ளைகள் வந்து பார்த்தன.

அக்கா அவருக்கு முன்னால் குந்தினாள். "இந்த ஊரை உங்களுக்கு ஆரோ முன்னாலை இருந்து கையாலை காட்டியிருக்கினம். நீங்கள் நடக்கேல்லை. என்ன?"

அவர் மடித்திருந்த சேர்ட் கையை இறக்கிவிட்டார்.

"ஓம்" என்றார். "நான் ஒருநாளும் நடக்கேல்லை. பாஸ்போட்டை ஏஜென்ட் கொண்டு போட்டான். பொலிஸ் பிடிச்சா திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு ஒரு வீட்டுக்குள்ளை இருந்தனான். பின்வளவைத் தாண்டினதில்லை. ஒண்டரை வருசத்துக்குக் கிட்ட. வீட்டுக்கார மனுசிக்கு எழுபது வயசிருக்கும். வாயிலை ஒரு தங்கப்பல்லு. தேங்காய் மிட்டாய் விக்கிறவ. விடிய நான் தேங்காய் திருவிக் குடுப்பன், அவ கிண்டித் தட்டிலை அடுக்கித் தலையிலை வைச்சுக்கொண்டு போவா. பின்னேரம் வந்து எனக்கு முன்னாலை ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு இருந்து, இண்டைக்கு எங்கை போனனான், ஆரைக் கண்டனான், எந்த மூலையிலை ஆர் ஆரோடை சண்டை எண்டு எல்லாம் சொல்லுவா. ராசா கதை, தளபதி கதை, எல்லாம் அவ சொன்னதுதான். இடம் வலம் எண்டு சொல்லமாட்டா. இப்பிடிப் போ, அப்பிடித் திரும்பு. எல்லாம் கைதான். எனக்கும் அப்ப பாஷை தெரியாது. கையைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."

"அப்ப ஏன் நடந்தனான் எண்டு சொன்னனீர்?" அண்ணாவின் குரலில் சூடு குறைந்திருந்தது.

"நடக்கேல்லை எண்டு எனக்கு ஒருநாளும் தோன்றேல்லை அண்ணை. ஒவ்வொரு நாளும் அந்த மனுசியோடை போய் வந்தனான். போகாமல் அந்த அறைக்குள்ளேயே இருந்திருந்தா எனக்கு விசர் பிடிச்சிருக்கும்."

லூஸ் மரீனாவுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அக்கா இரண்டு வசனத்தில் சொன்னாள். கேட்டதும் அவள் அவருடைய தலையைப் பிடித்து உச்சியில் ஒரு முத்தம் கொடுத்தாள். பிறகு பிள்ளைகளை எழுப்புகிற நேரம் என்று ஓடிப்போனாள்.

நாங்கள் பஸ் தரிப்புக்கு நடந்தோம். அண்ணா முன்னால். அவருக்குப் பின்னால் கார்த்தகேனாக்காரர், தீர்ப்புக்குக் காத்திருக்கிறவர் மாதிரி. அக்காவும் நானும் கடைசியில். லிபெர்த்தாத் தெருவின் மரங்களுக்குக் கீழே பின்னேர வெயில் சரிந்து கிடந்தது.

தரிப்பில் நின்று கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, தெருவைப் பார்த்தபடியே அண்ணா சொன்னார்: "நான் மொஸ்கோவிலை இருந்தனான்."

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்தோம். அண்ணா எந்த வழியால் வந்தார், எங்கே எவ்வளவு காலம் கிடந்தார் என்பதை எங்களுக்கு அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டால் எழும்பிப் போய்விடுவார்.

"ஒரு அறைக்குள்ளை பதினாலு பேர். ஒரு மாரிகாலம் முழுக்க. ஏஜென்ட் வெளியாலை பூட்டிப்போட்டுப் போயிடுவான்."

கார்த்தகேனாக்காரர் மெல்லக் கேட்டார்: "மொஸ்கோ எப்பிடி அண்ணை?"

"எனக்கென்ன தெரியும்? எனக்கு ஒரு சுவர்தான் தெரியும்."

"அந்தச் சுவர் எப்பிடி?"

அண்ணா திரும்பி அவரைப் பார்த்தார். ஏச்சு விழப்போகிறது என்றுதான் நான் நினைத்தேன்.

"பச்சை" என்றார் அண்ணா. "பாதிக்குக் கீழை பச்சை. மேலை வெள்ளை. பச்சை முடியிற இடத்திலை ஒரு நீலக்கோடு. பெயின்ட் அடிச்சவன் குடிச்சிருப்பான் போலை, ஹீற்றருக்குக் கிட்ட அந்தக் கோடு கோணலாப் போகும்."

"யன்னல்?"

"யன்னல் இருந்தது. பேப்பர் ஒட்டினது. ஒரு மூலையிலை நான் நகத்தாலை சுரண்டி வைச்சிருந்தனான், ஒரு கண் பாக்கிற அளவுக்கு. கீழை பனிக்குள்ளை ஒரு மனுசி நாயைக் கொண்டு போவா. நாய்க்குக் கோட் போட்டிருக்கும். நாய்க்கு! இஞ்சை பதினாலு பேருக்கு நாலு கோட், அங்கை நாய்க்கு ஒரு சிவப்புக் கோட், பொத்தான் வைச்சு..."

அவர் சிரித்தார். அண்ணா சிரித்தார்! கையை உயர்த்தி நாய் எவ்வளவு உயரம் என்று காட்டினார். கார்த்தகேனாக்காரர் முன்னால் நின்று, வாயை மூடிக்கொண்டு, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் வந்தது. கதவு திறந்தது. ஓட்டுநர் எங்களைப் பார்த்தார். அண்ணா காணவேயில்லை. அவர் இப்போது நாயை ஒரு பாலத்தடிக்குக் கொண்டுபோய்விட்டிருந்தார். பஸ் கதவை மூடிக்கொண்டு போனது.

அக்கா என் காதுக்குள் குனிந்தாள். "பங்குச் சுவாமியிட்டைக் கேட்டுவை. மே மாசம் ஒரு சனிக்கிழமை கோவில் கிடைக்குமோ எண்டு."